இடது மூலைக்காரன்

கோவில் திருவிழாக் கொடியிறக்கம் முடிந்த மறுநாள் குருசடித் திடலில் நடக்கும் கபடிக்குக் கோப்பை கிடையாது, வெளியூர் அணியும் கிடையாது. ஊரில் பிறந்த ஆண்பிள்ளைகள் ஒரு கட்சி, ஊரில் பெண் எடுத்த மருமகன்மார் ஒரு கட்சி. எந்தத் தெரு, எந்தக் குடும்பம் என்பதெல்லாம் அன்றைக்குக் கணக்கில்லை. அக்காளைக் கட்டியவனைத் தம்பி பிடிப்பான், மகளைக் கட்டியவனை மாமன் மடக்குவான். மடக்கியவன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, மடங்கியவன் வீட்டில்தான் சாயங்காலம் சாப்பிடுவான். திருவிழா முழுக்கச் சப்பரத்துக்குப் பின்னால் முக்காடு போட்டு அடக்கமாக நடந்த பெண்கள் அன்றைக்குத் திடலைச் சுற்றி நின்று வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். யார் பக்கம் பேசுவது என்பதுதான் அவர்களுக்குச் சங்கடம். கூடப்பிறந்தவன் ஒரு பக்கம் நிற்பான், கட்டியவன் எதிர்ப்பக்கம் நிற்பான்.

பிளாரன்ஸுக்கு அந்தச் சங்கடம் எல்லாரையும்விடக் கூடுதல். மருமகன் கட்சியில் முதல் ஆளாகப் பாடிப் போகிறவன் அவள் புருஷன் கிளைட்டன். ஊர்க் கட்சியில் இடது மூலையில் நின்று காலைப் பிடிக்கிறவன் அவள் அண்ணன் பர்னபாஸ்.

பர்னபாஸ் யார் என்றால், வடக்குத் தெருவில் வலைக்கு ஈயமணி கோத்துப் பிழைத்த சூசைமிக்கேலின் ஒரே மகன். சூசைமிக்கேலின் தாயும் திரேஸ்புரத்து லூர்தம்மாளும் அக்காள் தங்கச்சி. அந்த லூர்தம்மாளின் மகள் வயிற்றுப் பேரன்தான் கிளைட்டன். ஆக, தொட்டிலில் கிடக்கும்போதே அவன் சூசைமிக்கேலுக்கு மருமகன் முறை. சூசைமிக்கேல் மஞ்சள்காமாலையில் வெள்ளெனவே, பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதே போய்விட்டார். தாய் பேபி கருவாட்டுக் கூடை சுமந்தாள். தங்கச்சியைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் கூட்டி வந்ததும் காய்ச்சலில் மடியில் போட்டுக் கிடந்ததும் பர்னபாஸ்தான். கிளைட்டனுக்கு அவளைக் கொடுத்ததும் அவன்தான்.

கிளைட்டன் சங்குகுளிக்காரன். சங்கு குளிக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கீழே இறங்குகிறவனின் கயிற்றைப் பெண்சாதியின் அண்ணனோ தம்பியோதான் மேலே இருந்து பிடிக்க வேண்டும். சிநேகிதன் பிடிக்கக்கூடாது, சொந்த அண்ணன் தம்பிகூடப் பிடிக்கக்கூடாது. பங்காளிக்கு ஆயிரம் நினைப்பு இருக்கும். தன் கூடப்பிறந்தவள் தாலியறுத்து நிற்பதை எந்த மச்சானும் நினைக்கமாட்டான். இப்போது கயிறு போய், கம்பிரசரிலிருந்து காற்று இறங்குகிற ஓஸ் வந்துவிட்டது. பழக்கம் மாறவில்லை. கல்யாணத்துக்கு மறுவாரமே பர்னபாஸ் மச்சினனின் படகில் ஏறினான்.

முதல் நாள் போகும்போது பிளாரன்ஸ் வாசலில் நின்று, அவியள நீதான் பாத்துக்கிடணும் அண்ணே என்றாள்.

“ஏளா, கீழ போறவன மேல கொண்டாந்து உன் வாசல்ல விடுதது என் வேல. அதுக்குப் பொறவு உன் பாடு” என்றான் பர்னபாஸ்.

அந்த வார்த்தைதான் அவன் பிழைப்பு. தனக்கென்று கல்யாணம் அமையவில்லை, அதைப் பற்றி அவன் பேசியதும் இல்லை. கடலில் ஓஸ் துடிப்பதைக் கையில் பிடித்து உட்கார்ந்திருப்பான். கீழே மச்சினன் நடக்கிறானா, குனிகிறானா, களைத்துவிட்டானா என்பது அவன் உள்ளங்கைக்குத் தெரியும். கிளைட்டனை ஒவ்வொரு நாளும் கொண்டுவந்து விட்டான். தங்கச்சி வீட்டில் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. அவள் ஒருநாளும் கடலைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றதில்லை. அண்ணன் இருக்கிறான் என்று உலையை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

கபடியில் பாடிப் போகிறவனுக்குத்தான் பெயர். ஏழு பேர் நிற்கிற இடத்துக்குள் ஒற்றை மூச்சோடு போய்த் தொட்டுவிட்டு வருகிறவனை எல்லாரும் பார்ப்பார்கள். பிடிக்கிறவனை யாரும் பார்க்கமாட்டார்கள். மூலையில் நிற்கிறவன் ஆட்டம் முழுக்கக் குனிந்தே நிற்பான். வருகிறவன் முகத்தை அவன் பார்க்கக்கூடாது. முகம் பொய் சொல்லும், கை பொய் சொல்லும். இடுப்பு மட்டும் பொய் சொல்லாது. இடுப்பைப் பார்த்து, கால் நீளும் அந்த நொடியில் விழுந்து கணுக்காலைக் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் மற்றவர்கள் மேலே வந்து விழுவார்கள். அப்புறம் ஒரே சட்டம்தான்: விசில் கேட்கிறவரை பிடியை விடக்கூடாது. பர்னபாஸுக்கு இந்த வேலை ஒத்துப்போனது. காத்திருக்கவும் பிடிக்கவும் அவனுக்குத் தெரியும்.

கிளைட்டனின் பலம் மூச்சு. சின்ன வயதிலிருந்து கடலுக்கடியில் கிடந்த மூச்சு. பிடிபட்டாலும் அவன் திமிறமாட்டான். நாலு பேருக்கு அடியில் செத்தவன் மாதிரி உடம்பைத் தொங்கவிட்டு, பாட்டை வண்டு முனகுகிற அளவுக்கு இறக்கிவிடுவான். ஆள் முடிந்தான் என்று பிடித்தவர்கள் கை லேசாகும்போது ஒரே துள்ளு. நடுக்கோட்டில் கை விழுந்துவிடும். ஊரில் இதற்குப் பிணக்கிடப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒரு திருவிழாவில் அந்தப் பிணக்கிடப்பில் ஏமாந்தவன் பர்னபாஸ்தான். கடைசிப் பாட்டு, ஜெயிக்கிற நிலையில் ஊர்க் கட்சி. கணுக்கால் கையில் இருந்தது. கிளைட்டன் உடம்பு தொய்ந்தது, முனகல் நின்ற மாதிரி இருந்தது. கடலில் ஓஸ் துடிப்பு நின்றால் வருகிற பயம், நினைப்பதற்கு முன்னால் கைக்கு வந்துவிட்டது. பிடி தானாக விட்டுப்போனது. கிளைட்டன் கோட்டைத் தொட்டான். பிடித்திருந்த அத்தனை பேரும் அவுட், ஆட்டமும் போயிற்று.

பக்கத்தில் நின்று பிடித்த மரியான்தான் முதலில் வாயைத் திறந்தான். மரியான் ஊர்க் கட்சிக்குத் தலைவன் மாதிரி. ஐஸ் உடைக்கிற வேலை, வாய் ஐஸைவிடக் கூர்மை.

“தங்கச்சி தாலிக்குப் பயந்து கைய விட்டுட்டாம்லே. அடுத்த வருசம் மூலையில பிளாரன்ஸையே நிப்பாட்டுவோம். அவளாவது புருசன விடாமப் பிடிச்சிருப்பா.”

ஊர் சிரித்தது. பிளாரன்ஸும் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். கிளைட்டன் மண்ணைத் துப்பிவிட்டு, மச்சான் கடலுல என்னைய விடமாட்டாரு, கரையிலதான் விடுவாரு என்றான். அதற்கும் சிரித்தார்கள். பர்னபாஸும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு அன்றோடு நிற்கவில்லை. டீக்கடையில், ஏலக் கூடத்தில், படகு இழுக்கிற இடத்தில், வருஷம் முழுக்க யாராவது ஒருத்தன் அவன் கையைப் பிடித்துப் பார்த்து, பிடி இருக்கா அண்ணாச்சி என்று கேட்டுவிட்டுப் போவான். அவனுக்கு அது உள்ளே இறங்கி ஆணிபோல நின்றுகொண்டது.

மருமகன்மார் ஆட்டத்தன்று சங்குச் சதைக் குழம்பு மருமகன்மார் செலவு. அதுவும் வழக்கம். அடுத்த வருஷம் திருவிழா முழுக்கக் காற்று அடித்து, கடல் கலங்கியே கிடந்தது. சங்கு கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் தண்ணீர் தெளிய வேண்டும். ஆட்டத்தன்று காலையில்தான் தெளிந்தது. குழம்புச் சட்டி காலியாக இருக்கக்கூடாதே என்று கிளைட்டன் கிளம்பினான், பர்னபாஸ் ஓஸைப் பிடித்தான்.

கரைப்பக்கம் சங்கு இல்லை. கிளைட்டன் வழக்கமாக இறங்குவதைவிட ஆழமான இடத்துக்குப் போய், வழக்கத்தைவிட அதிக நேரம் கிடந்தான். சாக்கு பாதி நிறைந்தபோது கம்பிரசர் எஞ்சின் முக்கி முக்கி நின்றுவிட்டது. பர்னபாஸ் ஓஸை இழுத்துச் சைகை கொடுத்தான். காற்று நின்றால் யாரும் நிதானமாக ஏறமுடியாது. கிளைட்டன் நடுவில் எங்கும் நிற்காமல் ஒரே வீச்சில் மேலே வந்தான்.

படகில் கிடந்து இருமினான். கொஞ்ச நேரத்தில் தோளிலும் நெஞ்சிலும் தோல் திட்டுத்திட்டாகச் சிவந்தது. இடுப்புக்குள் யாரோ திருகுகிற மாதிரி இருக்கிறது என்றான். ஆழத்திலிருந்து நிற்காமல் ஏறினால் உடம்புக்குள் காற்று குமிழ் கட்டிக்கொள்ளும்; சங்குகுளிக்காரர்கள் இதைக் காற்று ஏறிவிட்டது என்பார்கள். எஞ்சின் ஓடினால் மறுபடி கொஞ்ச ஆழம் இறங்கி மெள்ள ஏறிப் பார்ப்பார்கள். எஞ்சின் ஓடவில்லை. அப்படி ஏறினவன் அசையாமல் படுத்துக் கிடக்க வேண்டும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

“மாப்ள, இன்னைக்குத் திடல்ல எறங்காத. படுத்துக்க” என்றான் பர்னபாஸ்.

“படுத்தா உம்ம தங்கச்சி என்னன்னு கேப்பா. சொன்னா கடலுக்கே விடமாட்டா. நீரு வாயத் தொறக்காதீரும்.” கொஞ்சம் பொறுத்து, கண்ணைச் சிமிட்டிக்கொண்டே சொன்னான்: “இல்ல, போன வருசத்த நெனச்சு மச்சானுக்குப் பயமா?”

பர்னபாஸ் ஓஸைச் சுருட்டி ஓரத்தில் வைத்தான்.

வீட்டு முற்றத்தில் பிளாரன்ஸ் சங்குச் சதையைச் சாம்பல் போட்டு வழுவழுப்புப் போகத் தேய்த்தாள். கிளைட்டன் ஒரு காலைச் சாய்த்து நடப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டாள். படகு விளிம்பில் இடித்துவிட்டதாக அவன் சொன்னான். அவள் புருஷனை விட்டு அண்ணனைப் பார்த்தாள். அவன் சொன்னால் நம்புவாள். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். பர்னபாஸ் குனிந்து சட்டிக்கு விறகு தள்ளினான். அடுப்பு புகைகிறது என்று மட்டும் சொன்னான்.

ஆட்டத்துக்கு நடுவர் தேவபிரசாதம் வாத்தியார். நாசரேத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் அவருக்குப் பெண் கொடுத்தவர்களும் இல்லை, எடுத்தவர்களும் இல்லை என்பதற்காகவே அவரைக் கூப்பிடுவார்கள்.

முதல் பாதி முழுக்கக் கிளைட்டன் பாடிப் போகவில்லை. கட்சிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மருமகன் கட்சி தோற்றுக்கொண்டிருந்தது. பெண்கள் ஏளனம் பேச ஆரம்பித்தார்கள். என்ன மாப்ள, சப்பரம் தூக்குன களைப்பு இன்னும் போகலயா என்று மரியான் கேட்டான். சரக்கு தீர்ந்துட்டுபோல என்று ஒரு கிழவி சொன்னாள். கிளைட்டன் சிரித்துக்கொண்டே நின்றான். கடைசியில், ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், வேட்டியை உருவித் தோழன் கையில் கொடுத்துவிட்டு நடுக்கோட்டுக்கு வந்தான். திடல் ஓவென்று சத்தம் போட்டது.

பர்னபாஸ் இடது மூலையில் குனிந்து நின்றான். இடுப்பைப் பார்த்தான். இடுப்பு பொய் சொல்லவில்லை. வலது கால் மண்ணை உரசி வந்தது. தூக்கி வைக்க முடியாத காலை அவன் ஆட்டம் காட்டுகிற மாதிரி இழுத்து மறைத்துக்கொண்டு வருகிறான் என்பது மூலையில் நின்றவனுக்கு மட்டும் தெரிந்தது. விட்டுவிடலாம். தொட்டுவிட்டுப் போகட்டும் என்று ஒரு எட்டுப் பின்னால் நிற்கலாம். யாருக்கும் தெரியாது.

கைகோத்து நின்ற மரியான் காதோரம் சொன்னான்: “பிளாரன்ஸ் பாத்துக்கிட்டுத்தான் நிக்கா. இந்தத் தடவையும் விட்ராதலே.”

கால் நீண்டது. பர்னபாஸ் விழுந்து கணுக்காலைக் கட்டினான். மரியான் இடுப்பில் பாய்ந்தான். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். பர்னபாஸ் கணுக்காலிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து தொடை, தொடையிலிருந்து இடுப்பு என்று ஏறி, தலையை மச்சினன் விலாவில் முட்டுக்கொடுத்துப் பூட்டுப் போட்டான். உடம்பு தொய்ந்தது. பாட்டு முனகலாக இறங்கியது. போன வருஷம் மாதிரியேதான்.

பிறகு முனகலும் நின்றது. மண்ணில் அழுந்தியிருந்த வாய் பேசியது.

“மச்சான், காலு தெரியல. விடும்.”

சொன்னது பர்னபாஸுக்குத் தெளிவாகக் கேட்டது. பாட்டை நிறுத்திப் பேசினாலே பாடிப் போனவன் அவுட். ஒரு கையைத் தூக்கி வாத்தியாரே என்று கூப்பிட்டிருந்தால் போதும், ஆட்டமும் ஜெயம், ஆளும் வெளியே. ஆனால் கையைத் தூக்குவதென்றால் பிடி ஒரு கையாகக் குறையும். அப்படிப் பிடி தளர்ந்ததுதான் போன வருஷம் அவனை ஊர் வாயில் போட்டது. இதுவும் அவன் வித்தைதான் என்று எண்ணினான். இல்லை என்பதும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்தே தெரிந்தது. அவன் பல்லைக் கடித்து, பிடித்த இடுப்பை இன்னொரு சுற்றுத் திருகினான்.

சுற்றிலும் இருந்த கூச்சலில் பாட்டு இருக்கிறதா நின்றதா என்பது தேவபிரசாதத்துக்குக் கேட்கவில்லை. மண்டிபோட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு அதன்பிறகுதான் விசில் ஊதினார். எழுந்தார்கள். மரியான் பர்னபாஸை இடுப்போடு தூக்கிச் சுற்றினான். ஊர்க் கட்சி ஜெயித்தது. கிளைட்டன் எழுந்திருக்கவில்லை. பிணக்கிடப்பு முடிஞ்சிட்டு, எந்தி மாப்ள என்று யாரோ கிண்டல் செய்தார்கள். முதலில் உள்ளே ஓடி வந்தவள் பிளாரன்ஸ்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், தண்டுவடம் அடிபட்டிருக்கிறது, இடுப்புக்குக் கீழே இனி அசைவு வராது என்றார். காலையில் ஆழத்திலிருந்து ஒரே வீச்சில் ஏறியது அப்போதுதான் வெளியே வந்தது. கடலில் ஏறின காற்று அடைத்ததா, ஆட்டத்தில் திருகியதில் நசுங்கியதா என்று பேபி கேட்டாள். ஒன்றாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் ஆழத்திலிருந்து ஒரே வீச்சில் ஏறியது அப்போதுதான் வெளியே வந்தது. ஊர் பெருமூச்சு விட்டுக்கொண்டது. கடல் காத்து, வேற என்ன என்று முடித்துக்கொண்டார்கள். கட்டிலில் கிடந்த கிளைட்டனும் பார்க்க வந்தவர்களிடம் அதையே சொன்னான். எஞ்சின் நின்னுட்டு, என் நேரம் என்றான்.

பர்னபாஸ் கடலை விட்டான். துறைமுகத்தில் கப்பல் மேல் கண்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிற வேலைக்குப் போனான். தினமும் வேலைக்குப் போகுமுன் ஒரு தரமும் வந்தபிறகு ஒரு தரமும் தங்கச்சி வீட்டுக்குப் போய், மச்சினனைத் தூக்கி உட்கார்த்தி, குளிப்பாட்டி, புண் படாமல் புரட்டிப் போட்டான். கனத்த உடம்பு. பிளாரன்ஸால் தனியாகத் தூக்க முடியாது. அவள் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள், துணி மாற்றுவாள். அண்ணனிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். களைப்பு என்று அவன் நினைத்தான்.

திடலில் பிடிக்கு அடியில் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பற்றி மச்சினன் ஒருநாள் கேட்பான் என்று பர்னபாஸ் காத்திருந்தான். திட்டினால்கூட நல்லது என்று இருந்தது. ஒருநாள் குளிப்பாட்டும்போது தானே தொடங்கினான்.

“மாப்ள, அன்னைக்குத் திடல்ல...”

“தண்ணி சுடுது மச்சான். கொஞ்சம் ஆறட்டும்” என்றான் கிளைட்டன்.

அடுத்த வருஷத் திருவிழா வந்தது. ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்று சிலர் சொன்னார்கள்; வழக்கத்தை நிறுத்தினால் ஆகாது என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஆடினார்கள். பர்னபாஸ் போகவில்லை. மச்சினனின் முதுகில் வந்த படுக்கைப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். திடலின் கூச்சல் சன்னல் வழியாக வந்தது.

“மூலையில யாரு நிக்கா?” என்று கிளைட்டன் கேட்டான்.

தெரியாது என்றான் பர்னபாஸ்.

“யாரு நின்னாலும் உம்ம பிடி வராது.”

முகம் சுவரைப் பார்த்து இருந்தது. எந்த மாதிரி சொன்னான் என்று தெரியவில்லை. பர்னபாஸ் துணியைப் பிழிந்து மறுபடி துடைத்தான்.

மழைக்காலத்தில் புண் ஆழமாகிச் சீழ் வைத்தது. காய்ச்சல் வந்து, இறங்கி, மறுபடி வந்தது. கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்ட வைக்கோல் கொண்டுவந்த அன்று கிளைட்டன் மத்தியானம் கண்ணை மூடினான். மழையில் அடக்கம் செய்தார்கள். மரியானும் பெட்டி தூக்கினான்.

புருஷன் போனவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை அண்ணன்தான் கொண்டுவர வேண்டும். பர்னபாஸ் கொண்டுவந்தான். சனங்கள் பார்க்கப் பிளாரன்ஸ் இரண்டு கையாலும் வாங்கினாள், உடுத்துக்கொண்டாள், பெண்களோடு சேர்ந்து ஒப்பாரி வைத்தாள். செய்ய வேண்டிய எதையும் அவள் குறைக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் பேபி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வடக்குத் தெருவுக்குப் போனாள். பர்னபாஸ் கிளைட்டன் கிடந்த கட்டிலை வெளியே எடுத்துக் கழுவலாம் என்று தலைமாட்டைத் தூக்கினான்.

“அத அங்கனயே வையி” என்றாள் பிளாரன்ஸ். “நாளையிலருந்து நீ இங்க வரவேண்டாம்.”

பிள்ளைகளுக்கு ஒரு ஆள் வேண்டாமா என்று அவன் கேட்டான்.

“ஆஸ்பத்திரியில மொத நாளே அவிய எங்கிட்ட சொல்லிட்டாவ. காலு தெரியலன்னு சொன்னேன், மச்சானுக்கு நல்லாக் கேட்டுதுன்னு. யாருகிட்டயும் சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ. நானும் சொல்லல. காலையில படகுல நடந்ததயும் நீ எனக்கு மறைச்ச. அடுப்பு பொகையுதுன்ன.”

குரல் உயரவில்லை.

“அவியளத் தூக்கிப் போட ஒரு ஆம்பள கை வேணும். எனக்கு வேற யாரும் இல்ல. அதுக்காவத்தான் உன்னய இந்த வாசல்ல விட்டேன். இனி தூக்க ஆளு வேண்டாம்.”

பர்னபாஸ் தலைமாட்டைக் கீழே வைத்தான். ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அவள் பார்த்தாள். மழையில் நனைந்து கிடந்த செருப்பை அவன் தேடி எடுத்துப் போடுகிறவரை நின்றாள். பிறகு கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள்.

இன்றைக்கும் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஒரே கோவிலுக்குத்தான் வருகிறார்கள். அவள் பெண்கள் பக்கம் முன்வரிசையில் பிள்ளைகளோடு இருப்பாள். அவன் ஆண்கள் பக்கம் கடைசித் தூணுக்குப் பின்னால் இருப்பான். பூசை முடிந்து அவள் பக்கத்து வாசல் வழியாக இறங்கி, தெரு திரும்புகிறவரை அவன் முழங்காலிலிருந்து எழுந்திருப்பதில்லை. பர்னபாஸுக்கு வயதாக வயதாகப் பக்தி கூடிக்கொண்டே போகிறது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.